ஆஸ்லோ ரோட்டில் ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்தக் கோணம்?

ஏப்ரல் பிறந்தால் ஆஸ்லோவின் டயர் கடைகளில் கூட்டம் நெரியும். குளிர்கால டயரைக் கழற்றிவிட்டுக் கோடை டயர் மாட்டும் பருவம் அது. அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு மாற்று டயரை வைக்க இடம் ஏது? அதனால் 'டயர் ஓட்டல்' என்றே ஒரு தொழில் இங்கே நடக்கிறது. நான்கு டயரையும் அரை வருடம் தங்கவைத்து, பருவம் வந்ததும் எடுத்து மாட்டித் தருவார்கள். அந்த வரிசையில் தாழ்வான இரண்டு இருக்கைக் கார் ஒன்று நின்றால், அதன் சொந்தக்காரர் வீல் அலைன்மென்டும் சேர்த்துக் கேட்பார். கேட்கும்போதே கையில் எண்கள் இருக்கும்: கேம்பர் இவ்வளவு, டோ இவ்வளவு. அந்த எண்கள் பெரும்பாலும் கலிபோர்னியாவின் வெயிலிலோ ஜெர்மனியின் பந்தயத் தடத்திலோ பிறந்தவை. உப்பும் பனியும் ட்ராம் தண்டவாளமும் உள்ள ஊருக்கு அவை எந்த அளவுக்குப் பொருந்தும்?

முதலில் இங்கே ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி இரண்டு வார்த்தை. நார்வே சொந்தமாக ஒரு ஸ்போர்ட்ஸ் காரைச் செய்து பார்த்ததுண்டு. 1956-இல் டெலிமார்க் மாவட்டத்தின் லுண்டேயில், கண்ணாடியிழை உடம்போடு வந்த அந்தக் காரின் பெயர் ட்ரோல். ஐந்து கார்களோடு கடையைக் கட்டிவிட்டார்கள். அதன்பின் எல்லாமே இறக்குமதிதான். பெட்ரோல் கார் வாங்கினால் பதிவின்போதே கட்டவேண்டிய ஒருமுறை வரி கடுமையானது. 2017 வரை என்ஜின் சக்திக்கும் தனியாக வரி இருந்தது. மறுபக்கம் மின்சாரக் கார்களுக்கு 2001 முதல் 2022 வரை மதிப்புக் கூட்டு வரி இருக்கவில்லை. 2023-இல் 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் அது வந்தது. 2024-இல் விற்ற புதிய கார்களில் 88.9 சதவீதம் மின்சாரம். விளைவு, ஆஸ்லோவில் பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பெரும்பாலும் வயதான கார்: மஸ்டா எம்எக்ஸ்-5, பழைய போர்ஷே 911, பாக்ஸ்டர், ஜப்பானிலிருந்தோ பிரிட்டனிலிருந்தோ வந்த வலப்பக்க ஸ்டீயரிங் கார். புதிது என்றால் இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள போர்ஷே டைகான் மாதிரி மின்சாரக் கார். இந்த இரண்டு ரகத்துக்கும் அலைன்மென்ட் சிக்கல் வேறு வேறு. பழையதைத்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன். வேலை அதில்தான் இருக்கிறது.

கோணங்கள் மூன்று. காரை முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர்; தலைப்பகுதி உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ். பக்கவாட்டில் பார்க்கும்போது, சக்கரம் திரும்புகிற அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பது காஸ்டர். ஸ்டீயரிங்கை விட்டால் தானே நேராவது பெரிதும் இதனால்தான். மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரங்களின் முன்விளிம்பும் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருந்தால் டோ-இன், விலகியிருந்தால் டோ-அவுட்.

ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களின் பேச்செல்லாம் கேம்பரைச் சுற்றியே இருக்கும். கண்ணுக்குத் தெரிவது அதுதானே. ஆனால் டயரைத் தின்பதில் டோவுக்கு நிகர் இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சக்கரம் போகவேண்டிய திசையிலிருந்து 0.1 டிகிரி மட்டும் திரும்பி நிற்கிறது என்று வைப்போம். அலைன்மென்ட் தாளில் அது 6 நிமிடம். ஒரு கிலோமீட்டர் உருளும்போது அந்த டயர் ஏறக்குறைய 1.75 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கிலோமீட்டர் ஓடினால் 17.5 கிலோமீட்டர் தூரம் ரப்பரைத் தார்மேல் தேய்த்த கணக்கு. டயரின் நெகிழ்வு கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும் என்றாலும், இத்தனை சிறிய கோணத்துக்கு இவ்வளவு இழுபறி. நெகட்டிவ் கேம்பரும் சேர்ந்துகொண்டால் அந்தத் தேய்மானம் முழுவதும் உள்விளிம்பில் போய்க் குவியும். காரின் பக்கத்தில் நின்று பார்த்தால் டயர் புதுசாகத் தெரியும். லிஃப்டில் ஏற்றினால்தான் உள்பக்கம் கம்பி தெரிவது கண்ணில் படும். நார்வேயில் குளிர்காலத்தில் டயர் பள்ளம் குறைந்தது 3 மில்லிமீட்டர், கோடையில் 1.6 மில்லிமீட்டர் இருந்தாக வேண்டும். உள்விளிம்பு தேய்ந்தால் நடுப்பகுதியில் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த டயரை நம்பி ஓட்ட முடியாது.

டோ எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஃபார்முலா ஒன் சாட்சி. 2020 பிப்ரவரியில் பார்சிலோனா சோதனை ஓட்டத்தின்போது மெர்சிடிஸ் அணி ஒரு வேடிக்கை காட்டியது. அணியின் ஓட்டுநர் ஹாமில்டன் நேர்ப்பாதையில் ஸ்டீயரிங்கைத் தன் பக்கம் இழுத்தார், வளைவு நெருங்கும்போது மீண்டும் தள்ளினார். இழுக்கும்போது முன் சக்கரங்களின் டோ மாறியது. வளைவுக்கு டோ-அவுட் நல்லது, நேர்ப்பாதைக்கு நேராக நிற்கும் சக்கரம் நல்லது. இரண்டையும் ஒரே காரில் ஓடும்போதே வைத்துக்கொள்ள வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ரெட் புல் அணி ஆஸ்திரியாவில் ஆட்சேபம் தெரிவித்தது, எடுபடவில்லை. ஆனால் 2021 முதல் விதிகளில் அதற்கு இடமில்லை. அதே ரெட் புல் 2011-இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் டயர் தரும் பைரெல்லி சொன்ன கேம்பர் வரம்பைத் தாண்டி வைத்து, தகுதிச்சுற்றில் முன் டயர்கள் கொப்பளித்துப்போய்த் தலையைச் சொறிந்ததும் உண்டு. பந்தயத்தை என்னவோ அந்த அணியின் வெட்டல்தான் ஜெயித்தார். நம்மிடம் இழுத்தால் கோணம் மாறும் ஸ்டீயரிங் கிடையாது. ஒரு முறை வைத்த கோணத்தோடு வேலைக்கும் போகவேண்டும், வளைவிலும் திரும்பவேண்டும், மழையில் பிரேக்கும் பிடிக்கவேண்டும்.

எந்த எண் சரி என்பதில் மூன்று தரப்பு உண்டு. தயாரிப்பாளரின் தாளில் உள்ளதே வேதம் என்பது ஒரு தரப்பு. அந்தத் தாளிலும் ஒரே மாடலுக்கு, சஸ்பென்ஷன் உயரத்தையும் வகையையும் பொறுத்து வேறு வேறு எண்கள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. தடத்தில் ஓட்டுபவர்கள் அடுத்தவர்கள். அவர்கள் முன்பக்கம் மைனஸ் 2, மைனஸ் 3 டிகிரி கேம்பர் வைப்பார்கள். வளைவில் உடம்பு சாயும்போது வெளிச்சக்கரம் தட்டையாகத் தரையில் பதியவேண்டும் என்பது அவர்களின் நியாயம், அதில் பிழையில்லை. மூன்றாவது தரப்பு டயர் கடைக்காரர்: எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுவா, டயர் நீடிக்கும் என்பார். என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்லோ தெருவில் ஓடும் காருக்குத் தயாரிப்பாளரின் வரம்புக்குள், கேம்பரில் மிதமான பக்கம், முன்பக்கம் பூஜ்யத்தை ஒட்டிய டோ-இன், பின்பக்கம் குறையாத டோ-இன், இடமும் வலமும் கூடியவரை ஒன்றுபோல. இதைச் சொல்வது எளிது. ஏன் என்பதைத்தான் விரித்துச் சொல்லவேண்டும்.

வளைவில் சாயும் உடம்புக்காகத்தான் கேம்பர் என்றோமே, அந்தச் சாய்வு எதனால் வருகிறது? டயரின் பிடிமானத்தால். உலர்ந்த தாரில் நல்ல கோடை டயருக்கு உராய்வுக் கெழு 0.8 முதல் 1 வரை போகும். பனிக்கட்டியில் அது 0.1, 0.2. பிடிமானம் ஐந்தில் ஒன்றாகச் சுருங்கினால், கார் எடுக்கக்கூடிய வளைவு வேகமும் உடம்புச் சாய்வும் அதற்கேற்பச் சுருங்கும். அதாவது ஜனவரியில் ஹோல்மென்கோலன் மலைப்பாதையில் ஏறும்போது நீங்கள் வைத்திருக்கும் மைனஸ் 2.5 டிகிரி அப்படியே மைனஸ் 2.5 டிகிரியாகவே நிற்கும். சாய்வு வந்து அதை நேராக்காது. டயர் தன் உள்விளிம்பில் நின்றுகொண்டு பிரேக் பிடிக்கும். குளிர்கால டயரின் மெல்லிய வெட்டுகளெல்லாம் முழு அகலத்தில் பனியைக் கவ்வத்தான் செய்யப்பட்டிருக்கின்றன. கோடையில் மட்டும் காரை எடுப்பவருக்கு இந்த வாதம் பொருந்தாதுதான். அவர் காருக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை கராஜில் தூக்கம். வருடம் முழுக்க ஓட்டுபவருக்கோ இரண்டு பருவத்துக்கும் ஒரே கோணம்.

குளிர் இன்னொரு வேலையும் செய்கிறது. வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் டயர் காற்றழுத்தம் சுமார் 0.1 பார் குறையும். 20 டிகிரி கதகதப்பான கராஜில் காற்றடித்து, மைனஸ் 10-இல் வெளியே வந்தால் 0.3 பார் காணாமல் போயிருக்கும். கார் மிதக்கிறது, ஸ்டீயரிங் மந்தமாக இருக்கிறது என்று அலைன்மென்டுக்கு ஓடிவருகிறவர்களில் சிலருக்குத் தேவை காற்று மட்டுமே.

சாலைக்கு வருவோம். நார்வேயின் பெரும்பகுதியில் நவம்பர் 1 முதல் ஈஸ்டரை அடுத்த ஞாயிறு வரை ஆணி டயர் ஓட்டலாம். வடக்கு மாவட்டங்களில் அக்டோபர் 16 முதல் ஏப்ரல் 30 வரை. ஆணி தாரைச் சுரண்டும், தூசி நுரையீரலுக்குப் போகும் என்பதால் ஆஸ்லோ மாநகராட்சி 1999-இல் ஆணி டயருக்குக் கட்டணம் வைத்தது. இரண்டு வருடத்தில் எடுத்து, 2004-இல் மீண்டும் கொண்டுவந்தது. இன்று நகரவாசிகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆணி இல்லாத டயரில்தான் ஓட்டுகிறார்கள். ஆனாலும் ஆணிகளும் கனரக வண்டிகளும் பல வருடமாகத் தோண்டிய சக்கரத் தடங்கள் நெடுஞ்சாலைகளில் நீளமாகக் கிடக்கின்றன. அகலமான, பக்கச்சுவர் குட்டையான டயர் அந்தத் தடத்தின் சரிவில் ஏறும்போது ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும். கேம்பர் கூடினால் பிடுங்கல் கூடும். முன்பக்கம் டோ-அவுட் இருந்தால் இரண்டு சக்கரமும் ஆளுக்கொரு பக்கம் மோப்பம் பிடித்துக்கொண்டு போகும். நகருக்குள் ட்ராம் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்கும்போதும் இதே கதைதான், மழை நாளில் கொஞ்சம் நெஞ்சைப் பதறவைக்கும். ரூட்ஸ்கூகன் பந்தயத் தடத்தில் அமிர்தமாக இருந்த டோ-அவுட், வீடு திரும்பும் வழியில் ஓட்டுபவரின் தோளைப் பிய்த்துவிடும். ரூட்ஸ்கூகன் என்பது ஆஸ்லோவுக்குத் தென்கிழக்கே ராக்கெஸ்தாவில் 1990-இல் திறந்த பந்தயத் தடம். வார இறுதியில் தங்கள் சொந்தக் காரையே கொண்டுபோய் ஓட்டுபவர்கள் பலர். சிலர் அங்கேயே கோணத்தை மாற்றிவிட்டு மாலையில் பழையபடி வைக்கிறார்கள். மேல்மவுண்டில் குறி போட்டுவைத்திருந்தால் கேம்பருக்கு அது சாத்தியம். ஆனால் கேம்பரை நகர்த்தினால் டோவும் நகரும் என்பதை மறந்து, ஒன்றைமட்டும் மாற்றிவிட்டு ஓட்டுகிறவர்களின் டயர் ஒரே கோடையில் முடிந்துவிடும்.

அடுத்து, ரோட்டின் சாய்வு. மழைநீர் வடிவதற்காகச் சாலையை நடுவிலிருந்து ஓரத்துக்கு 2–3 சதவீதம் சரித்துப் போடுவார்கள். நம்மூரில் இடப்பக்கம் ஓட்டுகிறோம், அதனால் கார் லேசாக இடப்பக்கம் இறங்கப் பார்க்கும். நார்வேயில் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், இறங்குவதும் வலப்பக்கம். இங்கேதான் அலைன்மென்ட் தாளை ஊன்றிப் படிக்கவேண்டும். ஒரு தாளை எடுத்துக்கொள்வோம்: முன் கேம்பர் வரம்பு மைனஸ் 0°30′ முதல் மைனஸ் 1°30′ வரை. இடது சக்கரம் மைனஸ் 1°20′, வலது மைனஸ் 0°45′. இரண்டும் பச்சை. மெஷின் சந்தோஷமாக இருக்கிறது, கடைக்காரர் பில் போடுகிறார். ஆனால் இரண்டுக்கும் இடையே 35 நிமிட வித்தியாசம். கார் எப்போதும் பாசிட்டிவ் பக்கம் கூடிய சக்கரத்தை நோக்கி இழுக்கும். இங்கே அது வலப்பக்கம். ரோட்டின் சரிவும் வலப்பக்கம். இரண்டும் கூட்டுச் சேர்ந்து காரை ஓரத்துக்குத் தள்ளும். இதே காரை, இதே தாளோடு சென்னையில் ஓட்டினால் சரிவு இடப்பக்கம், கேம்பர் வலப்பக்கம். ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கார் ஓரளவு நேராகவே போகக்கூடும். பச்சை நிறம் இதையெல்லாம் சொல்லாது. இடது வலது வித்தியாசத்தைத் தனியே கேட்டுப் பார்க்கவேண்டும். காஸ்டரிலும் அப்படித்தான், கார் காஸ்டர் குறைந்த பக்கம் இழுக்கும்.

ஜப்பானிலிருந்து வந்த வலப்பக்க ஸ்டீயரிங் கார்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அவை இடப்பக்கப் போக்குவரத்தில் ஓடி வளர்ந்தவை. ஒருவேளை அங்கே யாராவது அந்த ஊர்ச் சரிவுக்குத் தக்கபடி இடம்வலம் வித்தியாசம் வைத்திருந்தால், அது நார்வேயில் தலைகீழாக வேலைசெய்யும். ஓட்டுநரின் எடையும் வலப்பக்கத்தில். தனியாகவே ஓட்டுகிற, ஆயிரம் கிலோ எடையுள்ள சின்னக் காரில் ஓட்டுநர் இருக்கையில் 75 கிலோ மூட்டையை வைத்துவிட்டு அளப்பது வீண் ஆடம்பரம் ஆகாது. நல்ல கடைகளில் கேட்டால் வைப்பார்கள்.

இனி உப்பு. ஆஸ்லோவில் பனிக்காலம் முழுக்க முக்கியச் சாலைகளில் உப்புத் தூவுவார்கள். அது என்ன செய்யும் என்பதற்கு எம்எக்ஸ்-5 நல்ல உதாரணம். 1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி, 2016-இல் பத்து லட்சத்தைத் தொட்ட கார் இது. உலகில் அதிகம் விற்ற இரண்டு இருக்கைத் திறந்த காரும் இதுதான். முதலிரண்டு தலைமுறைகளில் நான்கு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன். கோணத்தை மாற்ற ஒவ்வொரு லோயர் ஆர்மின் உள்முனையிலும் இரண்டு எக்சென்ட்ரிக் போல்ட், மொத்தம் எட்டு. போல்டைச் சுற்றினால் அதிலுள்ள மையம் விலகிய வட்டு ஆர்மை உள்ளேயோ வெளியேயோ நகர்த்தும். முன்னால் இரண்டு போல்டையும் வைத்துக் கேம்பரையும் காஸ்டரையும், பின்னால் கேம்பரையும் டோவையும் திருத்தலாம். இத்தனை தாராளமாகத் திருத்தவிடும் கார்கள் சொற்பம். அந்தப் போல்ட் ரப்பர் புஷ்ஷின் நடுவிலுள்ள இரும்புக் குழாய்க்குள் நுழைந்து போகிறது. உப்புத் தண்ணீர் இடுக்கில் இறங்கி, சில குளிர்காலம் கடந்தால் போல்டும் குழாயும் துருவால் ஒன்றாகிவிடும். நட்டு கழலும், போல்ட் அசையாது. பலமாகத் திருகினால் ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும்.

ஆஸ்லோவின் குரூருட் பள்ளத்தாக்கில் தமிழர்களும் நிறைய, கார்ப் பட்டறைகளும் நிறைய. அங்கே நடக்கக்கூடிய பேச்சு இப்படி இருக்கும்:

"அண்ணை, முன்னுக்கு மைனஸ் ரெண்டு கேம்பர் வைக்கலாமோ?"

"வைக்கலாம் தம்பி. முதல்ல போல்ட் சுத்துதோ எண்டு பாப்பம்."

"சுத்தாட்டி?"

"சுத்தாட்டி வெட்டவேணும். புஷ்ஷும் சேத்துத்தான் மாத்தவேணும். அலைன்மென்ட் அதுக்குப் பிறகு."

இந்த அண்ணன் சொல்வதுதான் ஆஸ்லோவின் அலைன்மென்ட் சாத்திரம். வெட்டுவது லேசான காரியமில்லை. ஆர்மின் இருபக்கமும் சப்ஃப்ரேமின் காதுகளுக்கு இடையே மெல்லிய வாளை நுழைத்து, காதில் படாமல் போல்டை அறுக்கவேண்டும். தீ வைத்துச் சூடேற்றலாம், ஆனால் ரப்பர் புகையும். எட்டில் மூன்று போல்ட் அடம்பிடித்தாலே ஒரு நாள் கூலி போய்விடும், நார்வேயில் கூலி என்பது சிரிக்கிற விஷயமல்ல. ஆகவே புத்திசாலிகள் அலைன்மென்டுக்கு நேரம் வாங்குவதற்கு முன்பே போல்ட், புஷ் செட்டை வரவழைத்து வைத்துக்கொள்வார்கள். புதிய போல்டை மாட்டும்போது குழாய்க்குள் துருத்தடுப்புப் பேஸ்டைத் தாராளமாகப் பூசுவார்கள். இன்னொன்றும் உண்டு. ரப்பர் புஷ் உள்ள ஆர்ம் போல்டைக் கார் லிஃப்டில் தொங்கும்போது இறுக்கிவிட்டால், தரையில் இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். உயரமும் மாறும், கோணமும் மாறும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். சக்கரம் எடை தாங்கி நிற்கும் நிலையில்தான் இறுக்கவேண்டும்.

துருப்பிடித்த, ஆடுகிற மூட்டை வைத்துக்கொண்டு கோணம் திருத்துவது வீண். நார்வேயில் தனியார் கார்களுக்கு நான்காம் வருடத்திலும் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. பால் ஜாயிண்ட், டை ராட், புஷ் ஆடுகிறதா என்பதை அதில் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். கோணத்தை அளப்பது அதன் வேலையல்ல. அதில் தேறிய கார் என்பதால் அலைன்மென்ட் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அதில் குறை எழுதிய மூட்டைச் சரிசெய்யாமல் அலைன்மென்டுக்குப் போனால் காசு கரியாகும்.

ஒழுங்கான வேலை எப்படி நடக்கும்? காற்றழுத்தம், டயர் தேய்மானம், உயரம், மூட்டுகள் பார்த்த பிறகே சக்கரங்களில் கவ்வியை மாட்டுவார்கள். காரைக் கொஞ்சம் உருட்டி ரிம்மின் கோணல் கணக்கிலிருந்து கழிக்கப்படும். பிரேக்கை அழுத்திப் பிடித்து ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்பினால் கேமரா காஸ்டரைக் கணக்கிடும். திருத்தம் பின்பக்கத்திலிருந்து தொடங்கும். பின் சக்கரங்கள் எந்தத் திசையில் தள்ளுகின்றனவோ அதுதான் காரின் உண்மையான திசை. அது நடுக்கோட்டிலிருந்து விலகியிருந்தால் முன் சக்கரங்களை எத்தனை அழகாக வைத்தாலும் ஸ்டீயரிங் கோணலாகத்தான் நிற்கும், கார் நண்டு மாதிரி சாய்ந்து ஓடும். பின்பு முன் கேம்பர், காஸ்டர், கடைசியில் ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டிவிட்டு டோ. முன் டோவை மட்டும் திருகிவிட்டு 'அலைன்மென்ட் முடிந்தது' என்று அனுப்பும் பழக்கம் சென்னையிலும் உண்டு, ஆஸ்லோவிலும் உண்டு. ஸ்போர்ட்ஸ் காருக்கு அது அரை வேலைகூட இல்லை.

பின்பக்க டோ-இன்னை ஏன் குறைக்கக்கூடாது என்று சொல்லாமல் விட்டேன். ஜெர்மனியில் 250 கிலோமீட்டர் வேகத்துக்காக வைத்த டோ-இன், அதிகபட்ச வேகமே 110 ஆக இருக்கும் நாட்டில் எதற்கு, டயராவது மிஞ்சுமே என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் பின் டோ-இன் வேகத்துக்கு மட்டும் வைத்ததல்ல. வளைவின் நடுவில் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் எடை முன்னுக்கு ஓடும், பின்பக்கம் லேசாகும். அதே நேரம் பின்னோக்கி இழுக்கும் விசையில் புஷ்கள் நெகிழ்ந்து, பழைய வடிவமைப்புகளில் பின் சக்கரம் டோ-அவுட் பக்கம் திரும்பிவிடும். பின்பக்கம் சுழன்று வர இது போதும். என்ஜினைப் பின்னால் சுமக்கும் 911-இல் இது எத்தனையோ பேரை வேலிக்குள் அனுப்பியிருக்கிறது. போர்ஷே 1977-இல் கொண்டுவந்த 928-இல் 'வைசாக் அச்சு' என்று ஒரு பின் சஸ்பென்ஷன் வைத்தது இதற்காகத்தான்: வேகம் குறைக்கும்போது புஷ்களின் நெகிழ்வே சக்கரத்தை டோ-இன் பக்கம் தள்ளும்படி மூட்டுகளை அமைத்தார்கள். 1978-இல் ஐரோப்பாவின் ஆண்டுக் கார் விருதும் அதற்குக் கிடைத்தது. ஈர இலைகள் ஒட்டிக்கிடக்கும் அக்டோபர் மாதப் பாதையில், எதிரே மான் குதிக்க, காலைச் சட்டென்று எடுப்பதற்கு 60 கிலோமீட்டர் வேகமே போதும். பத்திருபது வருடப் பழைய புஷ்களோடு, தயாரிப்பாளர் வைத்த டோ-இன்னையும் குறைத்துக்கொள்வது எனக்குப் புரியாத சிக்கனம்.

மின்சார ரகத்தைப் பற்றிச் சுருக்கமாக. இங்கே துரு இன்னும் வரவில்லை, எடைதான் தொல்லை. காற்று சஸ்பென்ஷன் உள்ள கார் தாழும்போது கேம்பர் நெகட்டிவ் பக்கம் கூடும். எப்போதும் தாழ்ந்த நிலையில் ஓட்டுபவரின் பின் டயர் உள்விளிம்பு முதலில் போகும். அளக்கும்போது கார் எந்த உயரத்தில் நிற்கவேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் சொல்லியிருப்பார், அந்த நிலையில் பூட்டித்தான் அளக்கவேண்டும். டோ பிசகினால் டயரோடு சேர்த்து ரேஞ்சும் குறையும், குளிர்காலத்தில் ஏற்கெனவே குறைந்துபோன ரேஞ்ச். பின் சக்கரமும் திரும்பும் டைகான் போன்றவற்றில் பின்அச்சை மையத்தில் நிறுத்தாமல் எடுத்த அளவு குப்பைக்குத்தான் போகும். வேலை முடிந்ததும் ஸ்டீயரிங் கோண சென்சாரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரவேண்டும். பின்பக்கத் திசை மாறியிருந்தால், லேன் காக்கும் முன்கண்ணாடிக் கேமராவையும் மறுபடி ஒழுங்குபடுத்தவேண்டிய மாடல்கள் உண்டு. இவற்றைச் செய்யும் கருவி எல்லாப் பட்டறையிலும் இருக்காது, நேரம் வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

எப்போது செய்வது? அக்டோபரில் குளிர்கால டயர் மாட்டும்போது செய்தால், முன்னே இருக்கும் ஆறு மாதமும் குழியும் பனிக்கட்டி விளிம்பும் உப்பும்தான். மார்ச்சில் நிலம் இளகும்போது தார் மேடுபள்ளமாகப் புடைக்கும். மேம்பால இணைப்புகளிலும் பனிவாரி இடித்த நடைபாதைக் கற்களிலும் ரிம் அடிவாங்கும். அவையெல்லாம் முடிந்து கோடை டயர் ஏறிய பிறகு, மே மாதத்தில் அளப்பதுதான் கணக்குக்குச் சரி. அதுவும் ஏப்ரல் கூட்டம் வடிந்த பிறகு, ஒரு காருக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய பட்டறையில். திருத்துவதற்கு முன் எடுத்த தாளையும் திருத்திய பின் எடுத்த தாளையும் இரண்டையுமே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும். அடுத்த வருடம் அதே இடது முன் சக்கரம் அதே பக்கம் நகர்ந்திருந்தால், கோணத்தை மறுபடி திருத்துவதற்குமுன் அந்த ஆர்மின் புஷ்ஷைக் கழற்றிப் பார்க்கச் சொல்லலாம்.